பல்லுக்கு விட்ட லீவு

அம்பத்தூர்

அன்புள்ள மகள் தாட்சாயிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நலம், என் தாடை மட்டும் முக்கால் நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கத் திருவேற்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனை விட்டுவிட்டு இதென்ன கடிதம் என்று பார்க்காதே, தாடை தேறும்வரை ரொம்பப் பேசக்கூடாது என்று உத்தரவு. உங்கப்பா முகத்தைப் பார்க்கணுமே, தீபாவளி போனஸ் வந்த மாதிரி இருக்கிறார்.

வேலையை விட்டுடும்மா, தாடை தானாகச் சரியாகிவிடும் என்று நீ சொன்னதிலிருந்து அவரும் அதையே பிடித்துக்கொண்டார். கேட்டுக்கோ, விடமாட்டேன். முதலில் பார்த்த பல் டாக்டர் ஒரு தாள் கொடுத்தார், பாதி இங்கிலீஷ், அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்ததோடு என் வைத்தியம் முடிந்தது. வலித்தால் ஒத்தடம், வலி விட்டால் முறுக்கு. இப்போது ஆவடியில் பிசியோதெரபி செய்கிற ஜெபா என்ற பெண்ணிடம் போகிறேன், உன் வயசுதான் இருக்கும். அது தாளே தரவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "இப்போ நீங்கதாம்மா டாக்டர், நான்தான் வடிவு, எனக்குச் சொல்லித் தாங்க" என்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் விடுவேனா, "இன்னா வடிவு, உதடு மூடியிருக்கணும், உள்ள பல்லும் பல்லும் ஒட்டக்கூடாது, கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கையக் குடு, பல்லால சோறு துன்றதத் தவிர வேற வேல செய்யாத, புரிஞ்சிதா" என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே, அதன் வெள்ளைக் கோட்டில் தொங்கின நூலைக் குனிந்து பல்லால் கடித்து எடுத்துவிட்டேன். எடுத்தது எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த நாள் முதலாய்க் கத்தரி ஒரு பக்கம் கிடக்கும், நூல் அறுப்பதெல்லாம் இந்தப் பல்தான். வியாதி வேலையில் இல்லை மகளே, பழக்கத்தில்.

இப்போது கத்தரிதான். கை மெதுவாகப் போகிறது, டார்கெட் குறைகிறது. சூப்பர்வைசர் சுதா நேற்று பக்கத்திலேயே வந்து நின்று, "இன்னாக்கா, இப்டியே போனா உன்ன பேக்கிங்ல தள்ளிடுவாங்க" என்றாள். நூலைக் கடிக்கப் பல் துறுதுறுத்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கத்தரியைத்தான் எடுத்தேன். "பல்லுக்குத்தான் லீவு வுட்டுக்கீறேன் சுதா, கைக்கு இல்ல, மாசக் கடைசி வரிக்கும் டைம் குடு" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, போய்விட்டாள். எனக்கு அது போதும். கத்தரியை விரலில் மாட்டியபடியே துணியைத் தள்ளப் பழகுகிறேன், நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் வேகம்.

ஆகையால் இனிமேல் அப்பாவுக்குப் போன் போட்டுத் தூண்டிவிடாதே. தாடையும் என்னுடையது, மெஷினும் என்னுடையது, இரண்டையும் நான்தான் காப்பாற்றணும். பேக்கிங்கில் தள்ளினாலும் நூலைக் கடிக்கமாட்டேன், மெஷினுக்குத் திரும்பி வராமலும் இருக்கமாட்டேன்.

நோய்நொடி இல்லாமல் எல்லோரும் நன்றாக இருங்கள். நீ போன் செய்தால் வலிக்கிறதா என்று கேட்காதே, இன்றைக்கு நூலை எதால் அறுத்தாய் என்று கேள். நான் மழுப்பினால் நன்றாகத் திட்டு.

உன் அம்மா
வடிவு