இடது கைக்கு முப்பது பலூன்

மார்ச் 3, செவ்வாய்

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இருபத்திரண்டு வருஷம் சவரக்கத்தி பிடித்த கை, கடை வாசலை அலம்பிவிட்ட ஈரத்தில் வழுக்கி உடைந்தது. இதை இடது கையால் எழுதுகிறேன். கோழிக்கிறுக்கல்.

மனைவியின் அண்ணன் வந்திருந்தார். ஆறு நாற்காலி போட்ட சலூன்காரர். "கடையச் சாத்திட்டு என்கிட்ட வந்துடு மாப்ளே. டோக்கன் குடுத்துக்கிட்டு உக்காந்திரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நானா டோக்கன் குடுக்கறவன்? இரண்டு மாதம் பொறுங்கள் மச்சான் என்றேன். வலது கை பழையபடி ஆகுமா என்று எலும்பு டாக்டருக்கே தெரியவில்லை. இடது கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஊதிய பலூனில் நுரை தடவி, வெடிக்காமல் வழிக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் பழகினேன். இன்று ஒரே மூச்சில் முப்பது. முதல் பதினொன்று போயே போச்சு. கடைசிப் பத்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லை! மச்சானுக்கு ஃபோன் போட்டு அளந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

முதல் பலூனே டமார். இரண்டாவதும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

மார்ச் 13

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மாவிடம் புலம்பினேன். ஒரே நாளில் முப்பது செய்தால் அன்றைக்கு மட்டும்தான் கை கெட்டிக்காரனாகத் தெரியுமாம். தினமும் ஐந்தே ஐந்து, அதுவும் பலூனையே கன்னம், தாடை, கழுத்து என்று நினைத்து மாற்றி மாற்றி. "நெறைய சொதப்புவீங்க. அப்படிக் கத்துக்கிட்டாதான் கையில தங்கும்."

அந்த அம்மாவுக்கென்ன, வெடிப்பது என் மூஞ்சியில்.

ஏப்ரல் 2

பக்கத்துக் கடைத் தையற்காரர், புண்ணியவான், முகத்தைக் கொடுத்தார். தாடையில் கத்தி இருக்கும்போதா "காலையில தண்ணி வந்துச்சா?" என்று கேட்பார்? சின்னக் கீறல். பலூன் பேசாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னதும் இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏப்ரல் 4

இவள் பலூனில் மீசை வரைந்திருக்கிறாள். அவள் அண்ணன் மீசையேதான். நான் வழிக்க வழிக்கப் பலூனை ஆட்டுகிறாள், அண்ணன் குரலில் "டோக்கன் குடுக்க வர்றியா மாப்ளே?" என்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்து மச்சான். இன்று மூன்று மச்சான் காலி.

ஏப்ரல் 28

ஐந்து மச்சானும் முழுசாகப் பிழைத்தார்கள்.

மே 5

கட்டு பிரித்துப் பத்து நாள் ஆகிறது. வலது கை வேலை செய்கிறது! கடை திறந்தாயிற்று. இடது கைக்கு ஓய்வு. மச்சான் மட்டும் நம்பவில்லை. டோக்கன் மேசையைக் காலியாகவே வைத்திருப்பாராம்.

செப்டம்பர் 27, ஞாயிறு

காலையில் மச்சான் வந்து நாற்காலியில் சாய்ந்தார். "வழிச்சு விடு, பார்ப்போம்." பரீட்சைதான், வேறென்ன.

அவருடைய வலது கன்னம் முடிந்தது. அப்போது பார்த்து என் வலது கை விரல்கள் மரத்துப்போயின. உதறினேன், சரியாகவில்லை. பாதி முகம் நுரையோடு அவர். ஐந்து மாதமாகக் கத்தியைத் தொடாத இடது கையோடு நான். தேநீர் கொண்டுவந்த இவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கத்தியைக் கை மாற்றினேன். அவர் பேசினார், சிரித்தார், தலையை ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் இடது கை தானாகவே கத்தியைத் தூக்கி, காத்திருந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தது. இந்த மச்சானை எத்தனை முறை வழித்திருக்கிறது அது!

மச்சான் கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார். இடது பக்கத்தை இன்னொரு தடவை தடவினார்.

"இந்தப் பக்கந்தான் இன்னும் நல்லா வந்திருக்கு மாப்ளே. சரி, டோக்கனுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் தெருமுனை திரும்பியதும் இவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு பெட்டிக்கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தாள்.

இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து மட்டும் இன்னும் கோழிக்கிறுக்கல்தான். அதற்கு யாரும் மீசை வரைந்து கொடுக்கவில்லையே.