ஜன்னலைத் திறந்தால்தான் ஓடும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு லேசான ஜலதோஷம், அவ்வளவுதான்.

எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று புரொசஸரின் வேகத்தைக் கூட்டினேன். இந்த ஊர்க் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து நாள் முழுக்கச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது. சாத்தினால் பத்தே நிமிடத்தில் சூடேறிப் படுத்துவிடுகிறது, சனியன்! பழைய வேகத்துக்கே இறக்கிவிடலாம். என் வீம்புதான் உனக்குத் தெரியுமே.

"ஜன்னலைச் சாத்துறியா, நான் வேற ரூம் பாக்கட்டுமா?" என்று கேட்ட அறைத்தோழன், குளிர் தாங்காமல் போயே போய்விட்டான்.

கம்பளிக் குல்லா அனுப்பு. தைலமும்.

கம்ப்யூட்டருக்கு எத்தனை டிகிரி என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

காற்றில் ஜன்னல் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. ஓடுகிறேன்.

உன் மகன்