அரை ஆப்பிளும் நாலு சொட்டு எலுமிச்சையும்

தாராவி
மே 4, திங்கள், லுஹர் தொழுகைக்குப் பிறகு

என் அன்பு மகன் சைஃபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளினில் நீயும் உன் அறைக்காரப் பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது, உதறிப் பார்த்தேன், மை இருக்கிறது. ஆகையால் உள்ளதையே எழுதுகிறேன். மூட்டு வலியையும் என் வாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நான் நலம். உன் வாப்பா நலமில்லை. போன மாதக் கடைசியில் மூன்று நாள் நெட் போய்விட்டது, அதனால்தான் வீடியோவில் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, நெட் எங்கும் போகவில்லை, நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். ஒரு கிண்ணம் பழம் அவரை அங்கே கொண்டுபோய்ப் போட்டது, அதை வெட்டியது நான். நீ டிசம்பரில் லீவு என்கிறாய், டிசம்பர் வேண்டாம் கண்ணு, இப்போதே வர முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் என் வழக்கப்படி நாலு வீட்டுக் கதையைப் பேசிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

தினமும் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீடு உனக்கு மறந்துவிட்டதா, கீழே தோல்பைப் பட்டறை, மேலே இந்த ஒற்றை அறை, நான் கொட்டாவி விட்டால்கூட என்ன புள்ள என்று கேட்கிற தூரத்தில்தான் அவர் கட்டில். போனில் எதைச் சொல்ல முடியும்? இப்போது டயாலிசிஸுக்குப் போயிருக்கிறார், நாகூர் கனி மாமா துணைக்கு இருக்கிறார், முடிந்ததும் கூட்டிவர நான் போனால் போதும். செல்லத்துரை அண்ணாச்சியின் மகன் முகேஷ் வியாழக்கிழமை படிப்புக்காக உன் ஊருக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ ஏழாம் வகுப்பு வரை தமிழ் படித்தவன், எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, புரியாத இடத்தை முகேஷிடம் மட்டும் கேட்காதே, அவன் தமிழ் உன்னுடையதைவிடக் கேவலம்.

வாப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தச் சந்துக்காரர்கள் வெறுங்கையோடு நம் ஏணியில் ஏறியதில்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் பழம் வாங்கிக்கொண்டு போகவேண்டும், அது யார் போட்ட சட்டமோ தெரியாது, தாராவியில் அதை மீறியவன் கிடையாது. உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான் என்று நான் ஒவ்வொருவரிடமும் புலம்பினேன், அப்படியானால் பழத்தில் என்ன இருக்கிறது, ஒரு கெடுதலும் இல்லையே என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். நாகூர் கனி மாமா தலைக்கு மை அடித்த கையோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், அறுபத்தி மூன்று வயதில் யாருக்காக அந்த மை என்று நான் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றால் அவரிடம்தான் கேட்கவில்லை, மாமியிடம் கேட்டுவிட்டேன். அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு பை சாத்துக்குடி வந்தது, நாலு இளநீர் வந்தது. நம்மிடம் பை வாங்கி விற்கிற செம்பூர் ஷ்யாமளா டீச்சர் ஒரு பெட்டி ஹாபூஸ் மாம்பழத்தோடு ஏணியில் பாதி ஏறி, சேலை ஆணியில் மாட்டி, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் கால்மணி நேரம் நின்றார்கள், பெட்டியை மட்டும் விடவில்லை. அறை முழுக்கப் பழ வாடை, எறும்பு என் தலையணை வரைக்கும் வந்துவிட்டது. உன் வாப்பாவோ உப்பில்லாத சோற்றைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி, இது சோறா, இதைத் தின்னுட்டு வாழ்றதுக்கு அந்த மெசினே தேவலை, என்று எழுந்துவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் உன் வீடியோ வந்தது. ஓட்டலில் காலை நாஷ்டாவுக்கு நீ பழம் வெட்டுகிறாயே, அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய், வெள்ளைத் தொப்பியும் நீயும். எங்கள் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். பிறகு அதை எத்தனை முறை பார்த்தோம் தெரியுமா, போன் சூடாகும்வரை. ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் தேன், எலுமிச்சைத் தோலில் மஞ்சளை மட்டும் சீவிப்போட வேண்டும், வெள்ளை விழுந்தால் கசக்கும், புதினாவைக் கையால் கிள்ள வேண்டும், சாற்றைச் சாப்பிடப் போகிறபோதுதான் ஊற்ற வேண்டும், முன்னாடியே ஊற்றினால் பழம் சொதசொதவென்று ஆகிவிடும், எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் செய்தேன். ஆரஞ்சு இல்லை, சாத்துக்குடியைப் பிழிந்தேன். கேரட் சீவுகிற தகட்டில் எலுமிச்சையைச் சீவி என் விரலையும் சேர்த்துச் சீவினேன். கட்டிலில் உட்கார்ந்தபடி உன் வாப்பா கட்டிங் மாஸ்டர் வேலை பார்த்தார், முப்பது வருடம் தோல் வெட்டிய ஆள் அல்லவா, என்ன புள்ள இது, அவன் வெட்டுனது அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, நீ வெட்டுனது முனிசிபாலிட்டிக்காரன் ரோட்டைத் தோண்டுன மாதிரி இருக்கு, என்று கத்தியைப் பிடுங்கி அவரே வாழைப்பழத்தை வெட்டினார், ஒவ்வொரு வில்லையும் ஒரே கனம். வாழை, மாம்பழம், சாத்துக்குடிச் சுளை, பேரீச்சை, ஒரு ஆப்பிள். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நம்ம பையன் கைப்பக்குவம்ளா இது, என்றார். உப்பு இல்லாமல் நாலு மாதம் கழித்து அவர் நாக்குக்கு ஒரு ருசி தெரிந்தது. கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டார், அடியில் நின்ற சாற்றைத் தூக்கிக் குடித்தார். நான் துஆ செய்தேன் சைஃபு, யா அல்லாஹ், இதாவது இறங்குதே என்று. மூன்று நாள், காலையும் மாலையும்.

நாலாம் நாள் விடியலில் பஜ்ர் தொழுகைக்கு எழுந்தவர் கால் வரமாட்டேங்குது என்றார். மரத்துப்போயிருக்கும், உதறுங்க என்று நான் டீ போடப் போனேன். டீ போட்டேன் சைஃபு. திரும்பி வந்தபோது உதடு சாம்பலாக இருந்தது, கண் மட்டும் அசைந்து என்னைப் பார்த்தது. நாகூர் கனி மாமாவும் முகேஷும் அவரைப் போர்வையில் சுற்றி, பட்டறைக்குத் தோல் கட்டு இறக்குவதுபோல ஏணி வழியாக இறக்கினார்கள், நான் கீழே நின்று தலையைப் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள், துடிப்பு எண்ணிக்கை ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அவசரமாக டயாலிசிஸில் போட்டார்கள். அந்த டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், மூன்று நாளாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். நான் என் தாராவி ஹிந்தியில் பெருமையோடு சொன்னேன், உப்பே இல்லை டாக்டர், எண்ணெயே இல்லை, வெறும் பழம்தான், வாழை, மாம்பழம், பேரீச்சை, மேலே சாத்துக்குடிச் சாறு, என் மகன் வெளிநாட்டில் ஓட்டலில் இப்படித்தான் செய்கிறான் என்று. அவள் எழுதிக்கொண்டே வந்தாள், பாதியில் பேனாவை மூடிவிட்டாள். பஸ் ஆன்ட்டி, போதும், என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்னி வேலை செய்யாதவர்களுக்குப் பழத்தில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போகாதாம், ரத்தத்திலேயே நின்று இதயத்தை நிறுத்திவிடுமாம், எந்தப் பழம் கூடாது என்று தாள் கொடுத்தோமே, படிக்கவில்லையா என்று கேட்டாள்.

தாள் கொடுத்தார்கள். நான் படித்தேன். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, தண்ணீர் இத்தனை கிளாஸ், எல்லாம் பார்த்து, தினமும் கண்ணில் படவேண்டும் என்று பீரோக் கதவில் ஒட்டினேன். எதை வைத்து ஒட்டினேன் என்று கேள். நம் வீட்டில் வேறு என்ன இருக்கும், பையின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற பட்டறைப் பசையை, அந்தச் சொல்யூஷனை, நாலு ஓரமும் நடுவிலும் தடவி, உருட்டுக்கட்டையால் தேய்த்து ஒட்டினேன், ஒட்டுனா இப்படி ஒட்டணும் என்று வாப்பா பாராட்டினார். தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நகத்தால் சுரண்டினேன், வரவில்லை, கத்தி விட்டேன், வரவில்லை, நாம் ஒட்டினது லேசில் வருமா. கடைசியில் பட்டறையிலிருந்து தின்னர் எடுத்துவந்து ஊற வைத்து உரித்தேன், பெயின்டும் சேர்ந்து வந்தது. பின்பக்கத்தில் பழங்கள் வரிசையாகப் படம் போட்டு இருந்தன, பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி. வாழைக்குப் பெருக்கல் குறி, மாம்பழத்துக்குப் பெருக்கல் குறி, சாத்துக்குடி, பேரீச்சை, இளநீர், எல்லாவற்றுக்கும். நான் கிண்ணத்தில் போட்டதில் தப்பியது ஆப்பிள் ஒன்றுதான். பீரோக் கதவில் இப்போது ஒரு பெரிய வெள்ளைத் திட்டு இருக்கிறது, பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் வாப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். பையன்கிட்ட மூச்சு விடாதே, பழம் வெட்டுறதுதான் அவன் பொழப்பு, நாளைக்குக் கத்தியை எடுத்தாலே என் முகம் வந்து நிக்கும், அப்புறம் எப்படி வேலை பார்ப்பான், என்றார். நானும் சரி என்றேன். இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன், பாவம் என் தலையில் இருக்கட்டும். நீ ஒன்றும் செய்யவில்லை சைஃபு, நீ அனுப்பியது நல்லாயிருக்கிறவர்கள் சாப்பிடுகிற பழம், தாளைத் திருப்பிப் பார்க்காதவள் நான். இதை இரண்டு முறை படி. டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், பழத்தால் வந்த ஆபத்து நீங்கிவிட்டது, ஆனால் படம் எடுத்துப் பார்த்ததில் இதயம் முன்பே ரொம்ப நாளாகக் களைத்துப் போயிருக்கிறது, மெசினில் உட்காரும்போதெல்லாம் பிரஷர் விழுகிறது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, மகன் இருக்கிறான் என்றீர்களே, அடுத்த வருஷம் பார்க்கலாம், டிசம்பரில் பார்க்கலாம் என்று தள்ளவேண்டாம், என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு, பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த வாழைப்பழத்தை அவளிடமே நீட்டினேன், எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அரை ஆப்பிள்தான், டாக்டரிடம் கேட்டே கொடுக்கிறேன். சின்னச் சின்னதாக வெட்டி, கறுக்காமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சை, மஞ்சள் தோல் கொஞ்சம் சீவல். ஒரு துண்டை வாயில் வைத்துக் கரைகிறவரை வைத்திருக்கிறார். இது பையன் செய்முறைதானே, என்று நேற்றும் கேட்டார், ஆமா என்றேன். தேன் எங்கே, ஆரஞ்சு எங்கே என்று கேட்கவில்லை, தெரியும், தெரியாதது மாதிரி இருக்கிறார். சாப்பிட்டு முடித்துப் பட்டறைக் கல்லைக் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன், என் சமையல் கத்தியை மடியில் வைத்து இழுத்து இழுத்துத் தீட்டினார், நாலு இழுப்புக்கு ஒருதரம் மூச்சு வாங்கிக்கொண்டு. எதுக்கு இப்ப, படுங்க என்றேன். டிசம்பர்ல அவன் வருவான், இந்த மொக்கைக் கத்தியை அவன் கையில கொடுத்தா தோல்காரன் வீடுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்காதா, என்றார். தீட்டிய கத்தியைத் துணியில் சுற்றி, தொடாதே என்று என்னிடம் சொல்லி, பீரோவில் வைத்திருக்கிறார். நான் இப்போது வேறொரு மொண்ணைக் கத்தியில்தான் வெங்காயம் வெட்டுகிறேன். முதலாளியிடம் பேசு கண்ணு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வந்துவிடு. வந்து அந்தக் கத்தியை எடுத்து அவர் கண் முன்னால் அரை ஆப்பிள் வெட்டு. அவர் குறை சொல்லட்டும்.

இந்தக் கடிதம் வந்ததை வீடியோவில் சொல்லாதே, உம்மா முகேஷிடம் கொடுத்த முறுக்கு கிடைத்தது என்று மட்டும் சொல், எனக்குப் புரிந்துவிடும். முறுக்கும் கொடுத்திருக்கிறேன், முகேஷ் வழியில் தின்னாமல் இருந்தால் உன் பாக்கியம். குளிருக்குக் காதை மூடிக்கொள், தொழுகையை விடாதே, வாப்பாவுக்காக ஸஜ்தாவில் கேள். அல்லாஹ் உன்னை நல்ல கையோடும் நல்ல காலோடும் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும். நோயாளியைப் பார்க்க வருகிறவன் வெறுங்கையோடு வரக்கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதே. நீ வெறுங்கையோடு வா.

உன் வரவுக்காக ஏணியைப் பார்த்தபடி இருக்கும்
உன் உம்மா
ர. ஷரீஃபுன்னிசா