கண்ணாக்கரையில் மேர்லின் இறங்க வழி விடும்படி கேட்பது

அனுப்புநர்:
திருமதி சூசைப்பிள்ளை பிலோமினா,
வாவிக்கரை வீதி,
தேற்றாத்தீவு.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் அவர்கள்,
கடற்றொழில் அலுவலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: கரைப்பங்குத் திட்டத்தில் ஐந்தாம் பங்குக்காரியாகிய நான் கொடுத்த முறைப்பாட்டை நானே மீளப் பெறுவதும், கையால் இறால் தடவுகிறவர்களுக்கு வழி கேட்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற வருடம் ஓகஸ்ட் பதினான்காம் திகதி, மாதா திருநாளுக்கு முந்தின நாள், காலை ஏழு மணிக்கு என் பங்குக் கரையில் நின்றவர்கள்: நான், சங்கத் தலைவராகிய என் தம்பி யோசேப்பு, பட்டணத்திலிருந்து கமராவோடு வந்த திட்ட அலுவலர் றிக்கி, ஆறாம் பங்குக்காரர் வினாயகமூர்த்தி, இடுப்பளவு தண்ணீருக்குள் மேர்லின். வேறு ஒருவரும் இல்லை. தாமும் நின்றதாக இப்போது சொல்லுகிறவர்கள் கேள்விப்பட்டுச் சொல்லுகிறார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

2. கரைப்பங்குத் திட்டம் எப்படி வந்தது என்று தாங்கள் அறிவீர்கள். எங்கள் வாவிக்கரையில் தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் கண்ணாக் காட்டைப் பன்னிரண்டாகப் பிரித்து, கம்பு நட்டு, தோணி வைத்திருக்கும் பன்னிரண்டு வீட்டுக்குப் பத்து வருடப் பத்திரம் கொடுத்தார்கள். சொந்தமாய் இருந்தால் அவரவரே காப்பார்கள், அரசாங்கம் பின்னால் வந்து காவல் நிற்கத் தேவையில்லை என்று றிக்கி கூட்டத்தில் சொன்னார். முதலில் கை தூக்கினவள் நான். அவர் சொன்னது பொய்யில்லை ஐயா. முன்பு கண்ணா மரத்தை விறகுக்கு வெட்டாத வீடு இங்கே இல்லை, என் வீடும் சேர்த்துத்தான். பங்கு வந்த பிறகு ஒரு கொப்பும் விழவில்லை. களிநண்டு திரும்பி வந்தது. அதை மறைத்து நான் மனு எழுதவில்லை.

3. மேர்லினுக்குத் தோணி இல்லை. ஆகவே பங்கும் இல்லை. இடுப்பில் கயிறு கட்டி, சட்டியை மிதக்க விட்டு, வேர்களுக்கிடையில் கையால் தடவி இறால் பிடிப்பது அவளுடைய தொழில். மரத்தை அவள் ஒருநாளும் வெட்டினதில்லை. இறால் கம்பு பார்த்து நிற்காது, அதன் பின்னால் போகிறவளும் நிற்க முடியாது. அன்றைக்கு அவள் என் கம்பைத் தாண்டினாள்.

4. நான் இறங்கிப் போய் அவளுடைய கயிற்றை அவிழ்த்தேன். சட்டியைக் கவிழ்த்தேன். விடியமுதல் தடவின இறால் எல்லாம் தண்ணீரோடு போனது. கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். சட்டியை மட்டும் தாங்க மாமி என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அதற்கு மறுகா முறைப்பாட்டிலும் கையெழுத்து வைத்தேன். அதைக் காட்டி மற்றப் பதினொரு பேரும் அவளை இறங்க விடவில்லை.

5. கண்ணாவைக் காக்க நான் அப்படிச் செய்யவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மேர்லினுடைய தாய், 1994ஆம் ஆண்டு, மாங்கேணியிலிருந்து என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை வழியில் மறித்து, பிள்ளைக்கு இழுப்பு வருத்தம் என்று சொன்னவள். நோய் இருந்தது உண்மை. கேளாமல் சொன்னாள். வந்தவர்கள் வாசற் படலையோடு கிறுகித் திரும்பிப் போனார்கள். என் மகள் இரண்டு வருடம் வெளியில் இறங்கவில்லை. முப்பது வருடமாக அதைத் தீர்க்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. பத்திரம் வந்ததும் கிடைத்தது. யாரைத் தடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஏன் தடுக்கிறாய் என்று கேட்கிற வரி அதில் இல்லை.

6. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் தோணி உடைந்தபோது, ஒன்றரை வருடம் நானும் இதே கரையில் சட்டி கட்டித் தடவினவள். எந்த வேருக்குள் கை வைக்கலாம், எங்கே சேறு இழுக்கும் என்று காட்டித் தந்தவளும் மேர்லினுடைய அதே தாய்தான். அப்போது எங்களை யாருடைய தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

7. அன்றைக்கு றிக்கி பிடித்த படத்தைப் பெருப்பித்துச் சந்தியில் பலகை நட்டிருக்கிறார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். கீழே ‘என் பங்கு, என் காவல்’ என்று எழுத்து. மேர்லினை வெட்டி எடுத்துவிட்டார்கள். சட்டிக்காக நீட்டின அவளுடைய கை மட்டும் ஓரத்தில் நிற்கிறது. ஞாயிறு பூசைக்கு நான் அந்தச் சந்தியால்தான் போக வேண்டும். இப்போது வயல் வட்டை வழியால் சுற்றிப் போகிறேன்.

8. பங்குக் கரையில் விடாதபடியால் மேர்லின், ஓடை வந்து வாவியில் விழுகிற தோணா வாயில் இறங்குகிறாள். அங்கே முதலை கிடக்கிறது, அதனால்தான் அந்த இடத்தை ஒருவரும் பங்காகக் கேட்கவில்லை. போன மாதம் சட்டியை முதலை பிடித்து இழுத்தது. கயிறு அறுந்தபடியால் பிழைத்தாள். அடுத்த நாளும் அங்கேதான் இறங்கினாள்.

9. அதைக் கேட்ட பிறகு என் பங்கில் அவள் தாராளமாக இறங்கட்டும் என்று சொல்லப் போனேன். என் பங்கு தொண்ணூறு முழம். அதற்குள் ஒரு பாட்டம் தடவினால் முடிந்தது, இரு பக்கமும் பிறத்தியார் கம்பு. றிக்கியிடம் கேட்டேன். ஒவ்வொரு பங்குக்காரரோடும் அவள் பேசி உடன்பாடு செய்துகொள்ளலாம், இரண்டு பேர் விருப்பத்தில் நடக்கிற விஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார். பன்னிரண்டு படலையில் போய் நின்று விருப்பம் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. வினாயகமூர்த்தியின் படலையில் அவள் ஒருமுறை நின்றிருக்கிறாள். நாயைக் கட்டவில்லை.

10. ஆகவே ஐயா, என் முறைப்பாட்டை இல்லாமல் செய்யவும். பங்கு இருக்கட்டும், கம்பும் இருக்கட்டும், மரம் வெட்டுகிறவனை நாங்கள் தடுக்கிறோம். ஆனால் வலையும் கத்தியும் இல்லாமல் வெறுங்கையோடு இறங்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு பங்கிலும் வழி உண்டு என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கவும். அது எங்கள் விருப்பத்தில் நிற்கக் கூடாது. என் விருப்பம் எப்படிப்பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். பலகையையும் கழற்றுவிக்கவும். மாரிக்கு முன் செய்தால் நல்லது. மழை வெள்ளத்தில் தோணா வாயில் முதலை கண்ணுக்குத் தெரியாது.

11. இதை வாசித்துவிட்டு, கிழவி மனம் திருந்திவிட்டாள் என்று கோப்பில் யாரும் எழுத வேண்டாம். மேர்லினிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வாங்க மாமி என்றாள். என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை, சுவரில் அவளுடைய தாயின் படம் மாலையோடு தொங்கியது. அந்தக் கணக்கு எனக்கும் செத்தவளுக்கும் உள்ளது, வாவிக்கும் மேர்லினுக்கும் அதில் பங்கில்லை. ஆனால் நான் பொய் எழுத மாட்டேன். செத்தவளை மட்டும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அவள் பெயர் பீற்றிஸ்.

இடம்: தேற்றாத்தீவு
திகதி: 2025.07.22

இங்ஙனம்,
தலை குனிந்து கையொப்பமிடும்,
சூ. பிலோமினா