மீன் நாற்றம் இல்லாத கரை

ஏப்ரல் 22, 1979. ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் இவரைக் காணோம். உள்ளே கொயர் பெஞ்சில், டோரதியோடு ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக் குனிந்துகொண்டிருக்கிறார். தலையும் தலையும் முட்டாத குறைதான்.

கொயர் ஆட்கள் எட்டுப் பேர் அடுத்த மாதம் பழவேற்காடு போகிறோம். படகில் ஏரியைக் கடந்து, கடலோர மணல் திட்டுப் பக்கம் ஓர் இரவு தங்கி, விடிந்ததும் சூரியோதயம் பார்த்துவிட்டுத் திரும்புவது. ராத்திரிக்குப் படகை எங்கே நிறுத்துவது என்பதுதான் இப்போது இவருடைய பெரிய கவலை. தோல் பதனிடும் டேனரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவருக்கு நங்கூரம் பற்றி என்ன வந்தது?

டோரதி ஜனவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்த நர்ஸ். தூத்துக்குடிக்காரி. "கடல் பக்கம் பொறந்தவ, அவளைக் கேட்டாத் தெரியும்" என்கிறார். இத்தனை வருஷமாகப் பெண்டாட்டியாகக் கூட இருக்கிறேனே, என்னை எதைக் கேட்டிருக்கிறார் ஏசுராஜ்?

ஏப்ரல் 25

சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. வேண்டுமென்றே போடவில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனார். நாக்கு இங்கே இருந்தால்தானே.

மே 1

லீவு. அவளை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை மேஜை நடுவில் கவிழ்த்து, இது மணல் திட்டு என்றாள். கரண்டியை வளைவாக வைத்து, இது கழி என்றாள். ஏரித் தண்ணீர் திட்டுக்குள் வாய்க்கால் மாதிரி நுழைந்திருக்குமாம். படகை அதற்குள் கொண்டுபோய்விட்டால் மூன்று பக்கமும் மறைப்பாம். சாயங்காலம் கடல் காற்று, ராத்திரி கச்சானாம். கச்சான் என்றால் மேற்குக் காற்று. காற்றுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறாள்!

இவர் வாயைப் பிளந்து கேட்டார். என் டம்ளர், என் கரண்டி, என் மேஜை. எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா?

மே 8

எனக்கும் காற்று தெரியும். ஆம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் கிணறு, கூரை பார்ப்பதற்கு முன்னால் அந்தி நேரம் வாசலில் நின்று மோந்து பார்ப்பார்கள். தோல் நாற்றம் வந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். இந்த வீட்டை அப்படித்தான் நான் பிடித்தேன். இன்றுவரை ஒரு நாளும் சன்னல் சாத்தியதில்லை. வீடு பார்க்கத் தெரிந்தவளுக்குப் படகு நிறுத்த இடம் பார்க்கத் தெரியாதா?

மே 13. ஞாயிறு

நேற்று ராத்திரிதான் திரும்பினோம். முழங்கால் வீங்கியிருக்கிறது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோரதி சொன்ன கழி வாய்க்கே போய்விட்டோம். அதன் கரை நெடுகக் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். இங்கே மனுஷன் தூங்குவானா, அதோ அந்தப் பக்கம் வெள்ளை மணல், நல்ல காற்று, ஒரு துளி நாற்றமில்லை என்றேன். எல்லாரும் ஆம்பூர் மூக்குதானே, என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். டோரதி மட்டும், "ராத்திரி காத்து திரும்பும்க்கா, அந்த இடம் தொறந்து கெடக்கு" என்றாள். படகுக்காரர் கன்னியப்பன் வானத்தைப் பார்த்துவிட்டு, கழிதான் நல்லது, ஆனால் இன்றைக்குப் பரவாயில்லை, உங்கள் இஷ்டம் என்றார். இவர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பேச்சுதான் நின்றது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு இருந்த சந்தோஷம்!

ஆண்கள் மணலிலும் பெண்கள் படகிலும் படுத்தோம். கச்சான் வந்தது. மெதுவாக இல்லை, இடியோடு வந்தது. நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டு, படகு கரையில் மோதிச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறுகிறது. கரையிலிருந்து இவர் கத்துகிறார்: "டோரதி! கயித்தை வீசு!"

டோரதி.

அவள் கயிற்றை வீசிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் குதித்து, நேராக என்னிடம் வந்தாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றிருந்தேன். தோளைக் கொடுத்து இறக்கினாள். அலை தள்ளியதில் என் முழங்கால் பலகையில் இடித்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மழை விட்டதும் ஆண்கள் படகைக் கயிறு கட்டி அந்தக் கழிக்குள்ளேயே இழுத்துப் போனார்கள். விடியும்வரை கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மே 14

அவள் பேரைத்தானே முதலில் கூப்பிட்டார்?

மே 20

முழங்காலுக்குக் கட்டு மாற்ற டோரதி வந்தாள். நான் கேட்காமலே வந்தாள். உன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று முனகினேன். "நீங்க மோந்து பார்த்தது சாயங்காலக் காத்தைக்கா. ராத்திரிக் காத்தை யாரு மோந்து பார்க்க முடியும்?" என்றாள்.

அடக்க முடியவில்லை, கேட்டேவிட்டேன். "இன்னா இருந்தாலும் அவரு உன் பேரைத்தானே முதல்ல கூப்ட்டாரு?"

அவள் கட்டுத்துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆமா. உங்க பேரைச் சொல்லியிருந்தா நீங்க கயித்தையா வீசியிருப்பீங்க? அவரையில்ல தண்ணிக்குள்ள இறங்க வச்சிருப்பீங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு மறுபடி வயிறு எரிந்தது. முன்னைக்குக் கம்மி.

ஜூன் 17

நர்ஸ் ஹாஸ்டல் சாப்பாடு பேஜார் என்கிறாள் டோரதி. ஞாயிறு மதியம் இங்கே வரச் சொல்லிவிட்டேன். பாவம், இளைத்துப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 15

டோரதி காலையிலேயே வந்துவிட்டாள். பொங்கல் லீவில் மறுபடி பழவேற்காடு. ஜனவரியில் காற்று வேறு பக்கமிருந்து வருமாம், அதனால் நிறுத்தும் இடமும் வேறாம். டம்ளரை நான் கவிழ்த்தேன். கரண்டியை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் சண்டை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

இவர் இரண்டு தடவை உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். என்ன முடிவாச்சு என்றார். இருங்க, சொல்றோம் என்றேன். பிறகு மறந்துவிட்டேன்.

மதியம் பரிமாறும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் போட்டுவிட்டு, "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்றார்.

நானும் ருசி பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.