நான் கொன்ற தம்பி

ஞாயிறு, இரவு.

சூப்பர் ஹீரோ கதை பாதி தியேட்டரில் ஓடுது, மீதி போனில் தொடராக ஓடுது. என் கூட்டாளி சாகுலிடம் போன் கிடையாது. தொடர்க் கதையெல்லாம் கழுகுமலை பஸ்ஸில் நான்தான் அவனுக்குச் சொல்வேன். போன மாதம் விளையாட்டுக்கு, தொடரில் இல்லாமலே நானாக ஹீரோவின் தம்பியைக் கொன்றுவிட்டு, பழியை வில்லன் மேல் போட்டேன். சாகுல் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இன்று கோவில்பட்டியில் புதுப் படம் பார்த்தோம். அந்தத் தம்பி பறந்து வந்து இறங்கினான். என் பொய் தெரிந்துவிட்டது, அடி விழும் என்று குனிந்தேன். சாகுல் என் கையைப் பிடித்தான்.

"ஏலே, உசுரோட இருக்காம்லே. தொடர்ல எப்படிப் பொழச்சான்?"

"அதை இன்னும் பாக்கலலே."

"பாத்துட்டுச் சொல்லு. உன்னைய விட்டா எனக்கு யாரு சொல்லுதா?"

நாளை பஸ்ஸில் உண்மையைச் சொன்னால், இனி என் கதை எதையும் அவன் நம்ப மாட்டான். தம்பி பிழைத்ததற்கு ஒரு வழி யோசித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் தொல்லை.