ஒண்டு, ரெண்டு, இறக்கு

ஊஸ்டர்,
9 நவம்பர் 2024

அன்புள்ள சயன் அண்ணைக்கு,

நானும் மகளும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே. ஆவணிக்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பாசல் என்ன கடல் தாண்டியா இருக்கிறது?

பெற்றோல் நிலையத்துத் துவக்குச் சண்டையில் இவர் சூடுபட்டுப் போன பிறகு, சுவிஸ் பொலிசில் துவக்கு, ரவை, பயிற்சி எல்லாம் மாற்றிவிட்டார்களாம். செய்தியில் ஜேர்மன் மொழியில் வேகமாகச் சொன்னதால் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வேலையில், "உன் கணவரால் நல்லது நடந்திருக்கிறது" என்று தோளில் தட்டுகிறார்கள். அப்படியென்றால் முன்பு என்ன பிழை இருந்தது? நீங்கள் அவரோடு பொலிஸ் பள்ளியில் படித்தவர், இப்போது அங்கே படிப்பிப்பவர். உள்ளதை எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் எனக்காகக் குறைத்துச் சொல்வீர்கள்.

அன்புத் தங்கை
லக்சனா


பாசல்,
24 நவம்பர் 2024

அன்புத் தங்கை லக்சனாவுக்கு,

வராதது என் பிழைதான். உன் வீட்டு மணியை அடிக்கக் கை வருவதில்லை.

கேட்டபடியே எழுதுகிறேன். பழைய ரவை உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும், பட்டவன் நின்றுகொண்டிருப்பான். புதியது உள்ளே விரிந்து அங்கேயே தங்கிவிடும். துவக்கும் புதிது, குறிபார்க்க இலகு. பெரிய மாற்றம் பயிற்சியில்தான். எங்களுக்கு இரண்டு வெடி வைத்துவிட்டுத் துவக்கை இறக்கிப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். கை தானாகச் செய்யும்வரை விடமாட்டார்கள். அன்று தயாபரன் அதைத்தான் செய்தான். இரண்டும் பட்டன. இறக்கினான். கள்ளன் விழவில்லை, திருப்பிச் சுட்டான். இப்போது ஆள் விழும்வரை இறக்காதே என்கிறோம்.

அவனில் ஒரு பிழையும் இல்லை. அவனைப்போல் கை பழகியவர் எங்களில் யாருமில்லை. "வீட்டில லக்சனா எண்ணுவாள், நான் பழகுவன். உங்களைவிட அவள் கண்டிப்பு" என்று மாஸ்டரிடமே சொல்வான். வகுப்பே சிரிக்கும்.

தையில் புதிய பயிற்சி மண்டபத்துக்கு அவன் பெயரை வைக்கிறார்கள். நீயும் பிள்ளையும் கட்டாயம் வரவேண்டும்.

உன் அண்ணன்
சயன்


ஊஸ்டர்,
8 டிசம்பர் 2024

சயன் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதை மறைக்காமல் எழுதினீர்கள், நன்றி.

நான் தாளித்துக்கொண்டே எண்ணுவேன். "ஒண்டு, ரெண்டு, இறக்கு, பார்." அவர் வெறும் கையைக் குளிர்பெட்டிப் பக்கம் நீட்டி நிற்பார். மூன்றாம் தரம் விரல் அசைந்தால் விடமாட்டேன். "ரெண்டெண்டுதானே சொன்னனான், திருப்பிச் செய்யுங்கோ." சிரித்துக்கொண்டு திருப்பிச் செய்வார். அவருடைய வேலையில் எனக்குப் பிடிபட்டது அது ஒன்றுதான். அதனால் ஆசையாக எண்ணினேன்.

நீங்கள் என்னைக் குறை சொல்லவில்லை, தெரியும். ஆனால் அந்த நேரம் அவர் காதில் மாஸ்டரின் குரல் கேட்டிருக்காது அண்ணை.

மண்டபத்துக்கு நான் வரமாட்டேன். நீங்களும் இனி இங்கே வரவேண்டாம், எழுதவும் வேண்டாம். உங்களோடு கோபமில்லை. உங்கள் எழுத்தைக் கண்டாலே அந்தச் சிரிப்பு கேட்கிறது, என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். புதிதாக வரும் பிள்ளைகள் வீட்டில் பழகுவதென்றால் தனியாகப் பழகட்டும். பெண்சாதியை எண்ணச் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

லக்சனா